டிரம் கோர்: முதல் முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராக ஒரு போட்டி நடக்கிறது. இடம் பெரும்பாலும் ஏதாவது ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து மைதானம், நேரம் சாயங்காலம். நூற்றைம்பது இளைஞர்கள் கொண்ட ஒரு குழு டிரம்பெட், டியூபா, டிரம், கொடி என்று ஏந்திக்கொண்டு உள்ளே வருகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் மைதானம் முழுக்க நடந்தும் ஓடியும் ஆடியும், இசைக்குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல் வாசித்துவிட்டு வெளியேறுகிறது. நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அடுத்த குழு வருகிறது. இதுதான் டிரம் கோர்.

முன்னேற்பாடு இல்லாமல் போகிறவர்கள் நான்காவது குழு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் மைதானத்தின் நான்கு மூலைகளிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் எல்லாக் குழுவும் ஒன்றுபோலவே தோன்றும். பல கோடைகளாக இதன் பின்னால் சுற்றிவரும் ரசிகர் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே குழுவின் ஒரே ஷோவை, ஒரே கோடையில் இரண்டு முறையாவது பாருங்கள். ஒன்று ஜூனில், ஒன்று ஆகஸ்டில். அதற்கு வழியில்லை என்றால் ஒன்று நேரில், ஒன்று திரையில். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பள்ளி பேண்டிலிருந்து எங்கே பிரிகிறது

அமெரிக்கப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட் உண்டு. அங்கே குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர் அதில் வாசிக்கிறார்கள். அதற்கும் டிரம் கோருக்கும் உறவு நெருக்கம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பள்ளி பேண்டில் கிளாரினெட், புல்லாங்குழல், சாக்சபோன் இருக்கும். டிரம் கோரில் அவற்றுக்கு இடமில்லை. ஊதும் வாத்தியங்களில் பித்தளை மட்டுமே. அதோடு தாள வாத்தியங்களும் சில மின்னணுக் கருவிகளும். பள்ளி பேண்ட் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் வாசிக்கும். டிரம் கோருக்கு வேறு ஆட்டம் எதுவும் தேவையில்லை. மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதே இதைப் பார்க்கத்தான்.

குழுக்கள் எந்தப் பள்ளியையும் சேர்ந்தவை அல்ல. லாப நோக்கமற்ற தனி அமைப்புகள். குளிர்காலத்திலேயே தேர்வு நடக்கிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து வாசித்துக்காட்டி இடம் பிடிக்கிறார்கள். வயது உச்சவரம்பு 21. அந்த வயதில் ஆடும் கடைசிக் கோடையை ‘ஏஜ் அவுட்’ என்பார்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசிப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள். வயது கடந்தவர்களுக்கென்று எல்லா வயதினரும் சேரக்கூடிய தனிப் பிரிவும் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, ஊர் திரும்பிய வீரர்களின் சங்கங்கள் தங்கள் கிளைகளுக்கென்று டிரம்மும் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பும் வாசிக்கும் குழுக்களை நடத்தின. பின்னர் தேவாலயங்களும் சாரணர் படைகளும் சிறுவர்களுக்கென்று குழுக்களைத் தொடங்கின. நியூ ஜெர்சியில் 1934இல் உருவான கேடட்ஸ் ஒரு தேவாலயத்தில் பிறந்தது. சிகாகோவில் 1948இல் உருவான கேவலியர்ஸ் ஒரு சாரணர் படையில் பிறந்தது. போட்டிகளை நடத்தியவர்கள் முன்னாள் வீரர்களின் சங்கங்கள் என்பதால் விதிகளில் ராணுவ வாடை பலமாக இருந்தது. குழுக்களை நடத்தியவர்கள் ஒரு கட்டத்தில் விதியையும் வருமானத்தையும் தங்கள் கையில் எடுக்க முடிவுசெய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்ற சிற்றூரில் நடந்தது; கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. அதன் பிறகு அதிக முறை பட்டம் வென்றிருப்பது கலிஃபோர்னியாவின் இன்னொரு குழுவான கான்கார்ட் நகரத்து புளூ டெவில்ஸ். 1976இல் முதல் பட்டம். 2023 வரை கணக்கிட்டால் 21.

மைதானத்தில் யார் யார்

பித்தளைக் குழுவை ஹார்ன்லைன் என்பார்கள். எழுபது, எண்பது பேர் இருப்பார்கள். டிரம்பெட், மெலஃபோன், பாரிடோன், யூஃபோனியம், டியூபா. டியூபாவைத் தோளில் சாய்த்து வாயைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வாசிக்கிறார்கள். அந்தக் கனத்தோடுதான் ஓட்டமும். எல்லோரும் ஒரே வரியில் முழு மூச்சோடு வாசிக்கும்போது வரும் ஒலியை எந்த ஒலிப்பதிவும் முழுமையாகத் தந்ததில்லை. அது காதுக்கு மட்டும் வருவதில்லை. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். டிரம் கோருக்கு ஆள் சேர்ப்பதே அந்த ஒரு கணம்தான்.

டிரம் வாசிப்பவர்கள் இரண்டு அணி. சுமந்துகொண்டு நடப்பவர்கள் பேட்டரி: ஸ்னேர், டெனர், பாஸ் டிரம். மைதானத்தின் முன்விளிம்பில் நிலையாக நின்று மரிம்பா, வைப்ரஃபோன், சைலஃபோன், டிம்பனி, சின்தசைசர் வாசிப்பவர்கள் பிட். புதியவர்கள் ஸ்னேரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேகம் கண்ணைக் கட்டும். நான் பாஸ் டிரம்மைப் பார்க்கச் சொல்வேன். அளவு வேறு, சுருதி வேறு என்று ஐந்து டிரம், ஐந்து பேர். ஒருவரே வாசிக்க வேண்டிய ஒரு வேகமான சொற்கட்டை ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஓர் அடி, அடுத்தவருக்கு அடுத்த அடி, மூன்றாமவருக்கு இரண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஒரு வாக்கியத்தை எழுத்துக்கு ஓர் ஆளாகப் பேசுவதைப் போன்றது இது. ஓர் எழுத்து தாமதமானால் வாக்கியமே குலைந்துவிடும். ஒரே ஆள் பேசுவதாகக் கேட்டால் அந்த அணி உயர்ந்த அணி.

கலர் கார்ட் என்பது கொடி, மரத் துப்பாக்கி, வாள் ஆகியவற்றைச் சுழற்றி ஆடும் அணி. ராணுவக் கொடிக் காவலிலிருந்து வந்த வழக்கம். இன்று முழு நடனமாக வளர்ந்துவிட்டது. துப்பாக்கி காற்றில் ஏறிச் சுழலும்போது அதைப் பார்க்காதீர்கள். எறிந்தவருடைய முகத்தைப் பாருங்கள். தேர்ந்தவர்கள் மேலே பார்க்க மாட்டார்கள். ஆட்டத்தைத் தொடர்ந்தபடியே கையை நீட்டுவார்கள், துப்பாக்கி அங்கே வந்து அமரும்.

மேடை மீது நின்று கையசைப்பவர் டிரம் மேஜர். அவர் எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கலையின் பெரிய சிக்கல் ஒன்று புரிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் குறுக்களவு சுமார் 49 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.14 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு விநாடிதான் இடைவெளி. பின்கோட்டில் நிற்பவர் முன்னால் கேட்கும் ஒலியோடு சேர்ந்து வாசித்தால், அவருடைய ஒலி அரங்கத்துக்கு வந்து சேரும்போது அரைத் தட்டுக்கு மேலாகவே பிந்தியிருக்கும். போகவும் வரவும் இருமுறை கடக்க வேண்டுமல்லவா? ஆகவே பின்னால் இருப்பவர்கள் காதை நம்பக் கூடாது. டிரம் மேஜரின் கையைப் பார்த்தே வாசிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் தங்களுக்குப் பின்னால் இருந்து வரும் ஒலியோடு இணைய வேண்டும். முன்விளிம்பில் நிற்கும் பிட் அணிக்குத்தான் இது மிகவும் கடினம். மரிம்பாவுக்குப் பின்னால் ஒரு மாணவி தலையை லேசாகச் சாய்த்து, முதுகுப் பக்கம் காதைக் கொடுத்து வாசிப்பதைப் பார்க்கலாம். பேட்டரி எங்கோ பின்மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை தூரமும் ஓட்டமும் தாண்டி எல்லா ஒலியும் உங்கள் இருக்கைக்கு ஒரே நொடியில் வந்து சேர்கிறது என்றால், யாரோ பல நூறு மணி நேரம் அதற்காக உழைத்திருக்கிறார்கள்.

நடையும் அப்படித்தான். மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு. ஐந்து கஜத்தை எட்டுக் காலடிகளில் கடப்பது அடிப்படை அளவு. ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஒவ்வொருவருக்கும் ஷோவின் ஒவ்வொரு கட்டத்திலும் நிற்க வேண்டிய புள்ளி உண்டு. அதற்கு ‘டாட்’ என்று பெயர். ‘45 கஜக் கோட்டுக்கு வெளியே மூன்று காலடி, முன் குறிக்கு ஆறு காலடி பின்னால்’ என்ற கணக்கில் ஒவ்வொரு டாட்டையும் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு டாட்டிலிருந்து அடுத்ததற்கு எத்தனை தட்டில் போக வேண்டும், எந்த வடிவத்தில் வளைய வேண்டும் என்பதும் அதில் இருக்கும். மேலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு வட்டம் நீள்வட்டமாகிக் கோடாக விரிகிறது. கீழே இருப்பவருக்குத் தன் புள்ளியும் பக்கத்தில் இருப்பவரின் தோளும்தான் தெரியும்.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

மொத்தம் 100. பொதுத் தாக்கம் என்ற தலைப்புக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. காட்சிக்குள் நடை, வடிவமைப்பு, கலர் கார்ட் என்று மூன்று. இசைக்குள் பித்தளை, டிரம், ஒட்டுமொத்த இசை என்று மூன்று. ஒவ்வொரு நடுவரும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறார்: கொடுக்கப்பட்ட வேலை எவ்வளவு ஆழமானது? அதை இந்தப் பிள்ளைகள் இன்று எவ்வளவு நன்றாகச் செய்தார்கள்? ஷோ நடக்கும்போதே தங்கள் கருத்தை ஒலிப்பதிவு செய்கிறார்கள். குழுவின் ஆசிரியர்கள் அதைக் கேட்டு, மறுநாள் பயிற்சியிலேயே திருத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. 1980களின் முற்பகுதி வரை தவறுக்கு இவ்வளவு என்று கழிப்பதுதான் முறை. நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வாத்தியக்காரர்களுக்கு நடுவே நடந்து, பிசகிய ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு கிழிப்பார்கள். தவறைத் தவிர்ப்பதே குறிக்கோள் என்றால் துணிந்து எதையும் எழுத முடியாது. 1984இல் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று நாம் பார்க்கும் ஓட்டமும் நடனமும் நாடகமும் வளர இடம் கிடைத்தது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூனில் எழுபதுகளில் நிற்கும் ஒரு முன்னணிக் குழு ஆகஸ்டில் 97, 98 என்று ஏறியிருக்கும். இதுவரை யாரும் நூறைத் தொட்டதில்லை. 2014இல் புளூ டெவில்ஸ் பெற்ற 99.65தான் உச்சம். இடைவெளிகள் மிகச் சிறியவை. 2008 இறுதிப் போட்டியில் இலினாய் மாநிலத்து ஃபேன்டம் ரெஜிமெண்ட் 98.125 வாங்கிப் பட்டம் வென்றது. புளூ டெவில்ஸுக்கு 98.100. வேறுபாடு நாற்பதில் ஒரு மதிப்பெண். 1996, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் சமமாக நின்று பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன.

அன்றிரவே ‘ரீகேப்’ என்ற விவரப்பட்டியல் வெளியாகிவிடும். புதிய ரசிகர்கள் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து, ஓஹியோவில் வாங்கிய 84ஐ டெக்சாஸில் வாங்கிய 85உடன் ஒப்பிட்டுக் கவலைப்படுவார்கள். நடுவர்கள் வேறு, இரவு வேறு, மைதானம் வேறு. அந்த ஒப்பீட்டில் பயனில்லை. ஒரே இரவில் ஒரே நடுவர் முன்னால் வந்த இரண்டு குழுக்களுக்கு இடையே பித்தளையில் எவ்வளவு இடைவெளி, அது இரண்டு வாரம் கழித்துக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் கதை இருக்கிறது.

ஏன் இரண்டு முறை

ஒரு குழு கோடை முழுவதும் ஒரே ஷோவைத்தான் ஆடுகிறது. மே மாதம் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் தங்கிப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். ஜூன் கடைசியில் முதல் போட்டிக்கு வரும்போது பல குழுக்களிடம் ஷோவின் முடிவே தயாராகியிருக்காது. கடைசி இரண்டு நிமிடங்களை நின்ற இடத்திலேயே வாசித்துவிட்டுப் போவார்கள். உடை வந்திருக்காது. மேடைப் பொருட்கள் பாதி வர்ணத்தோடு நிற்கும். அதன் பிறகு ஏழு வாரம். இரவு ஷோ முடிந்ததும் பஸ் ஏறுகிறார்கள், பஸ்ஸிலேயே தூங்குகிறார்கள், விடியும்போது அடுத்த ஊர். ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், தரையில் காற்று மெத்தை விரித்து மிச்சத் தூக்கம். பிறகு நாள் முழுக்க வெயிலில் பயிற்சி, சாயங்காலம் மறுபடி ஷோ. சமையல் லாரி கூடவே வருகிறது. பெற்றோரும் பழைய உறுப்பினர்களும் தன்னார்வலர்களாக நாளுக்கு நான்கு வேளை சமைத்துப் போடுகிறார்கள்.

இந்த ஏழு வாரத்தில் ஷோ மாறிக்கொண்டே இருக்கும். பலிக்காத ஒரு பகுதியை வெட்டி எறிவார்கள். எட்டுத் தட்டு நிற்கும் இடத்தில் ஓர் ஓட்டத்தைச் சேர்ப்பார்கள். ஆனால் எழுத்தில் வரும் மாற்றத்தைவிட ஒலியில் வரும் மாற்றம்தான் எனக்குப் பெரிது. ஜூனில் ஒரு மெல்லிய பகுதியைக் கேட்டால் தனித்தனியாக மூச்சு வாங்குவது தெரியும். நடுங்கும் ஒரு ஸ்வரத்தை வைத்து யார் பயந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அதே பகுதி ஆகஸ்டில் ஒரே மூச்சாக வரும். அந்த நடுக்கத்தை முன்பே கேட்டவருக்குத்தான் ஆகஸ்டின் அமைதி எவ்வளவு அரியது என்று தெரியும். இறுதிப் போட்டியை மட்டும் பார்ப்பவருக்கு மெருகு மட்டும்தான் கிடைக்கிறது.

இரண்டாம் பார்வைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1993இல் இண்டியானாவைச் சேர்ந்த ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு பார்ட்டோக், பார்பர் ஆகிய இசையமைப்பாளர்களின் கடினமான இசையை எடுத்துக்கொண்டு, கைதட்டலுக்கு இடமே கொடுக்காத ஒரு ஷோவை ஆடியது. அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கேடட்ஸிடம் பத்தில் ஒரு மதிப்பெண்ணில் பட்டத்தை இழந்து, அதோடு போட்டிகளிலிருந்தே விலகியது. இன்று பழைய ரசிகர்களைக் கேட்டால், இந்தக் கலையின் போக்கைத் திருப்பிய ஷோக்களில் அதை முதல் வரிசையில் வைப்பார்கள். அந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போய் 2001இல் டோனி விருது பெற்ற ‘பிளாஸ்ட்’ என்ற மேடை நிகழ்ச்சி. முதல் முறை பார்த்து முகம் சுளிக்க வைத்த ஒரு ஷோவை உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.

கருவிகள் பற்றிய சண்டை ஒன்றும் நடந்துகொண்டே இருக்கிறது. உங்களையும் அதில் இழுப்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். 1999 வரை ஜி சுருதி பியூகிள் மட்டுமே அனுமதி. பிறகு எந்தச் சுருதிப் பித்தளையும் வரலாம் என்றானது. 2004இல் ஒலிபெருக்கி, 2009இல் சின்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ‘இதோடு முடிந்தது’ என்று சிலர் விலகிப் போனார்கள். மைக் வந்ததால் மரிம்பாவை மெதுவாக, அதற்குரிய மென்மையோடு வாசிக்க முடிகிறது. எனக்கு அது பெரிய லாபம். சின்தசைசரின் அடிநாதத்தை வைத்து டியூபாக்களை மூழ்கடிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பதின்மூன்று பதினான்கு பேர் சுமந்து ஓடி ஊதுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டும்.

போவது எப்படி

டிசிஐ இணையதளத்தில் பருவத்துக்கான அட்டவணை இருக்கும். முதல் முறைக்கு ஏழெட்டுக் குழுக்கள் ஆடும் சாதாரண வாரநாள் போட்டியையே தேர்ந்தெடுங்கள். ஜூலையில் சான் அன்டோனியோ, அட்லாண்டா நகரங்களில் நடக்கும் பெரிய போட்டிகளில் இருபதுக்கு மேற்பட்ட குழுக்கள் வரும். மதியத்திலிருந்து இரவு வரை உட்கார வேண்டும். அதை இரண்டாவது கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். மேலும் அவை கூரை மூடிய பெரிய அரங்குகள். எதிரொலி எல்லாவற்றையும் கலக்கிவிடும். திறந்த வெளிப் பள்ளி மைதானத்தில் ஒலி தெளிவாக வரும்.

டிக்கெட் எடுக்கும்போது மைதானத்தின் நடுவில் இருக்கும் 50 கஜக் கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரத்தில் எடுங்கள். அருகில் உட்கார்ந்தால்தான் நன்றாக இருக்கும் என்று தோன்றும். கீழ்வரிசையில் முகங்கள் தெரியும், ஒலி பலமாக வரும். ஆனால் வடிவம் எதுவும் தெரியாது, ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுதான் தெரியும். உயரத்திலிருந்து பார்த்தால்தான் ‘கம்பெனி ஃப்ரண்ட்’ என்பதன் வலிமை புரியும்: இசை உச்சத்துக்குப் போகும்போது, மொத்தக் குழுவும் மைதானத்தின் நீளத்துக்கு ஒரே கோடாக விரிந்து பார்வையாளரை நோக்கி நேராக நடந்து வரும். பழைய உத்திதான். இன்னும் ஒவ்வொரு முறையும் அரங்கம் எழுந்து நிற்கிறது.

இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அரங்கத்துக்குள் அல்ல, பின்புற வாகன நிறுத்துமிடத்துக்கு. ரசிகர்கள் அதை ‘லாட்’ என்பார்கள். பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே குழுக்கள் உடலையும் வாத்தியத்தையும் சூடேற்றிக்கொண்டிருக்கும். ஹார்ன்லைன் ஒரு பெரிய வளைவாக நின்று ஒரே நீண்ட சுருதியைப் பிடிக்கும். இன்னொரு மூலையில் ஸ்னேர்காரர்கள் தோளோடு தோள் நின்று, அலுமினியச் சட்டத்தில் ஆசிரியர் தட்டும் தாளத்துக்கு ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒன்பது குச்சிகள் ஒரே உயரத்துக்கு ஏறி ஒரே ஒலியாக இறங்குவதை ஐந்தடித் தூரத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது அங்கே மட்டும்தான். வளைவுக்குள் நுழையாதீர்கள், வரிசையின் குறுக்கே போகாதீர்கள், அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அருகில் நின்று கேட்கத் தடையில்லை.

ஷோ நடக்கும்போது இருக்கையை விட்டு எழுந்து நடமாடக் கூடாது. உள்ளே வருவதும் வெளியே போவதும் குழுக்கள் மாறும் இடைவெளியில்தான். கைதட்டலுக்கும் ஆரவாரத்துக்கும் கட்டுப்பாடு கிடையாது. பிடித்த இடத்தில் கத்தலாம், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். போட்டிக் குழு என்பதற்காக யாரையும் கேலி செய்யும் வழக்கம் இல்லை. கடைசி இடத்துக்கு வரும் குழுவுக்கும் அரங்கம் நிறைந்த கைதட்டல் உண்டு. பெரும்பாலும் சிறிய குழுக்கள் முதலில் ஆடும். தாமதமாக வந்து பெரிய பெயர்களை மட்டும் பார்க்கிறவர்கள் நல்ல விஷயங்களை இழக்கிறார்கள். அடுத்த ஆண்டு மேலே வரப்போகும் குழு அங்கேதான் இருக்கும்.

பெஞ்சுகள் அலுமினியம்; வெயிலில் சுடும். ஒரு சிறு மெத்தை, தொப்பி, தண்ணீர், மழைக்கோட்டு வேண்டும். குடை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கோடை இடிமழை திடீரென்று வரும். மின்னல் பக்கத்தில் வந்தால் அரங்கத்தைக் காலி செய்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். சில இரவுகளில் மிச்சப் போட்டி ரத்தாகிவிடும். டிக்கெட்டின் பின்புறத்தில் அதற்கான நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

பருவத்தின் முடிவில், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், குழுக்கள் எல்லாம் இண்டியானாபொலிஸில் கூடுகின்றன. 2009 முதல் சாம்பியன்ஷிப்பின் வீடு அங்குள்ள லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். கோவிட் காலத்தில் 2020இல் பருவமே நடக்கவில்லை. வியாழன் அன்று எல்லோரும், வெள்ளி அன்று முதல் 25, சனி அன்று முதல் 12. பன்னிரண்டுக்குள் வருவது பட்டத்துக்கு அடுத்த பெருமை. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் இடத்துக்கான போட்டியில் சில ஆண்டுகளில் முதலிடத்தைவிட அதிகப் பரபரப்பு இருக்கும். மூன்று நாளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் வெள்ளியைச் சொல்வேன். கனவுகள் உடையாத கடைசி இரவு அது. 25 குழுக்களும் முழு பலத்தோடு வருவார்கள், டிக்கெட் விலையும் சனியைவிடக் குறைவு.

தெரிந்திருக்க வேண்டிய மறுபக்கம்

இந்தக் கோடைக்காக ஒவ்வொரு பிள்ளையும் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகிறது. வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய விடுமுறையையும் இழக்கிறது. உதவித்தொகைகள் உண்டு, ஆனாலும் திறமை இருந்தும் வர முடியாதவர்கள் ஏராளம். குழுக்களின் நிலையும் அப்படித்தான். பஸ், டீசல், சாப்பாடு எல்லாம் விலை ஏறிவிட்டது. ஏழு முறை பட்டம் வென்ற சான்டா கிளாரா வேன்கார்ட் பணநெருக்கடியால் 2023இல் களமிறங்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தது.

கேடட்ஸ் திரும்பி வரவில்லை. பத்துப் பட்டம் வென்ற குழு அது. அதன் நீண்டகால இயக்குநர் மீது 2018இல் பெண்கள் பலர் பாலியல் அத்துமீறல் புகார்களைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அவர் பதவி விலகினார். பிறகு, பல ஆண்டுகளுக்கு முந்தைய பாலியல் வன்முறைப் புகார் தொடர்பான வழக்கின் சுமையைத் தாங்க முடியாமல் 2024இல் அமைப்பே மூடப்பட்டது. தொண்ணூறு ஆண்டுப் பாரம்பரியம் போய்விட்டதே என்று வருந்திய ரசிகர்கள் பலர். எனக்கும் அந்தக் குழுவின் ஷோக்கள் உயிர். ஆனால் புகார் சொன்னவர்கள் பல ஆண்டுகள் கேட்பாரில்லாமல் இருந்ததுதான் இழப்புகளில் முதலாவது. உங்கள் பிள்ளை ஒரு குழுவில் சேர விரும்பினால் பட்டங்களை எண்ணுவதற்கு முன், அந்தக் குழுவில் புகாரை யாரிடம் சொல்ல வேண்டும், பெரியவர்களின் பின்னணி எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். தெளிவாக விடை சொல்லும் குழுவையே தேர்ந்தெடுங்கள்.

தூரத்தில் இருந்தால்

நேரில் போக முடியாதவர்களுக்கு ஃப்ளோமார்ச்சிங் என்ற சந்தாச் சேவையில் நேரலை இருக்கிறது. டிசிஐயின் யூடியூப் பக்கத்தில் பழைய ஷோக்களின் பகுதிகள் இலவசமாகக் கிடைக்கும். இண்டியானாபொலிஸில் சனி மாலை என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு அதிகாலை. பன்னிரண்டாவது குழு முடிக்கும்போது இங்கே நன்றாக விடிந்திருக்கும். மடிக்கணினி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், டியூபாவும் பாஸ் டிரம்மும் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். உயர்ந்த கேமராவின் கோணம் கிடைத்தால் அதையே வையுங்கள். அருகில் காட்டும் கோணங்கள் மாறி மாறி வந்து வடிவங்களைக் கெடுத்துவிடும்.

எந்தக் குழுவிலிருந்து தொடங்குவது என்று கேட்பார்கள். பித்தளையின் அடர்த்தி வேண்டுமென்றால் ஃபேன்டம் ரெஜிமெண்ட்; என் மனம் அங்கேதான். புதுமை வேண்டுமென்றால் 2016இலும் 2024இலும் பட்டம் வென்ற ஓஹியோவின் புளூகோட்ஸ். எந்தப் பிசிறும் இல்லாத நுட்பம் வேண்டுமென்றால் புளூ டெவில்ஸ். நெடுங்காலம் காத்திருந்தவர்களின் கதை வேண்டுமென்றால் 1940இல் தொடங்கி 2025இல்தான் முதல் டிசிஐ பட்டத்தைத் தொட்ட பாஸ்டன் குருசேடர்ஸ். யாரானாலும் சரி, ஒருவரை ஜூன் மாதமே தேர்ந்தெடுத்து, முதல் வாரத்து ஷோவில் உங்களுக்குப் பிடித்த மூன்று இடங்களையும் பிடிக்காத ஓர் இடத்தையும் எழுதிவையுங்கள். ஆகஸ்டில் மறுபடி பார்க்கும்போது அந்த நான்கு இடங்களையும் தேடுங்கள். பிடிக்காத இடத்தை முதலில்.